ஏழாம் குடுவையின் எண்ணிக்கை

மிசாவோ ஒகபாயாஷி எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாக்களை எண்ணுகிறவர். சூரை மீன் பிடிக்கப் போன அவர் கணவரின் படகு ஒரு மார்ச் மாதம் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மிசாவோ வேலைக்கு வந்து நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தார். அவர் அழுது ஜப்பானின் இந்தக் கோச்சி நகரில் யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் ஆழ்கடலுக்கடியில் துளையிட்டு எடுத்த சேறு வந்தது. குடலில் வாழும் பாக்டீரியாவைச் சத்துநீரில் விட்டு இளஞ்சூட்டில் வைத்தால் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும்; காலையில் தெளிந்திருந்த குடுவை மதியச் சாப்பாட்டுக்குள் கலங்கிவிடும். அதுவே குடலுக்குள் நாளைக்கு ஓரிரு முறை பிரிந்தால் அதிகம். கடலடிச் சேற்றில் கிடப்பவற்றுக்கோ இரையே அரிது. வருஷக்கணக்கில் பிரியாமல் கிடக்கும்.

பதினெட்டுக் குடுவைகளில் அந்தச் சேற்றைக் கரைத்துக் குளிரறையில் வைத்தோம். மிசாவோ மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, சாயமேற்றி எண்ணுவார். எப்போதும் எண்பதை ஒட்டியே வரும்.

"இதுல ஒண்ணு ரெண்டாகுறதுக்குள்ள நான் ரிடையராயிடுவேன், மிசாவோ சான்" என்றேன்.

"நீங்க இப்பவே வேலை செய்யிறதில்லையே" என்றார், கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் வருஷ முடிவில் தலைவர் ஹமகுச்சி குடுவைகளைக் கொட்டிவிடச் சொன்னார். செத்தவற்றை எண்ணுகிறோம் என்பது அவர் எண்ணம். மிசாவோ மறுத்துப் பேசவில்லை. கொட்டவும் இல்லை. கேட்கும்போதெல்லாம் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவந்தார்.

மூன்றாம் வருஷம் ஜூனில் ஏழாம் குடுவையில் நூற்று அறுபத்து மூன்று வந்தது. மூன்று முறை எண்ணினார். பிறகு என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கு நூற்று அறுபது. ஹமகுச்சி ஓடிவந்து பார்த்துவிட்டு அவருக்குத் தலை வணங்கினார்.

"சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியல. எண்ணினது சரி."

மறுநாள் அவர் வரவில்லை. வேலைக்குத் திரும்பியபின் அதுதான் முதல் விடுப்பு. படுத்தவர் மாலை நான்கு மணிக்குத்தான் எழுந்தாராம். பசித்ததாம். சோறு வடித்து, ஊறுகாயோடு நின்றபடியே மூன்று கிண்ணம் சாப்பிட்டாராம்.

"பசிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார், அடுத்த நாள் வந்தபோது. சொல்லிவிட்டு எட்டாம் குடுவையை எடுக்கக் குளிரறைக்குப் போனார்.