குளத்தில் இறங்கும் வண்டிவீடு

தாடிக்கொம்பு தாண்டி ஒரு குளக்கரையில் நிற்கிறோம். காருக்குப் பின்னால் நாங்கள் இழுத்து வந்திருக்கும் சின்ன வீட்டுக்கு அடிப்பக்கம் படகு. உள்ளே மெத்தை, கேஸ் அடுப்பு, மகளுக்கு ஒரு தூளி; பின்பக்கம் ஒரு சின்ன மோட்டார். எல்லாம் என் கணவர் செய்தது. இன்றுதான் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கப்போகிறது. ஊர்க்காரர்களிடம் அனுமதி கேட்டாயிற்று. அடியிலுள்ள வடிகால் துளையை மூடியாயிற்றா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

படியில் துணி அலசும் அக்கா நிமிர்கிறார்.

"ஏத்தா, இது வண்டியா, வீடா, படகா?"

"மூணுந்தான்க்கா."

"மூணும் சேந்து முங்கிருச்சுன்னா ராத்திரி எங்கிட்டுப் போய்ப் படுப்பீக?"

என் கணவர் சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கிக்கொண்டு ஏறப் போகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செத்த இருங்க. மொதல்ல நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"தனியாவா?"

"உங்களுக்கு நீச்சல் தெரியாதுல்ல?"

"அப்படிச் சொல்லு தாயி!" என்கிறார் அக்கா.

வீடு மிதக்கிறது, ஆனால் அடுப்புப் பக்கம் சாய்கிறது. தண்ணீர் கேனை எதிர்ப்பக்கம் நகர்த்தியதும் நேராகிறது. குளத்தின் நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, மெத்தைக்கு அடியில் கைவிட்டுத் தடவுகிறேன். பலகை காய்ந்திருக்கிறது. சந்தேகம் தீராமல் மூலைகளையும் தடவுகிறேன். அங்கும் ஈரமில்லை. ஜன்னலில் சிறுமலை மெல்லத் திரும்புகிறது.

கரைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறேன்.

"பிள்ளையக் குடுங்க. நீங்க லைஃப் ஜாக்கெட்ட மாட்டிக்கிட்டு ஏறுங்க. நான் ஓட்டுறேன்."