சைவக்காரி சுட்ட போர்க் சாப்

ஏர் ஃப்ரையரை விற்கிற வேலை கடையோடு முடிந்துவிடும், அதை வாங்கியவர் வீட்டு அடுக்களையில் போய் நின்று, "கடையில காட்டினது மாதிரி ஏன் வரலை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழில்.

முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மேடம், டெமோவுக்கு வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் புரியும். மற்றவர்கள் பரிதாபப்பட்டால் போதும்.

கல்கத்தா கரியாஹாட்டில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் ஐந்து வருடமாக இருக்கிறேன். முதல் மூன்று வருடம் மிக்ஸி கவுண்டர். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். முழங்கால் வீங்கி, வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. பிறகு டெமோவுக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம், போகிற வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு கப் டீ, இரண்டு பிஸ்கெட். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனைதான். நான் டெமோ கொடுத்த மெஷின் ஒரு சீசனில் மூன்று திரும்பி வந்தால், மறுபடியும் மிக்ஸி கவுண்டர். மேனேஜர் பிஸ்வாஸ் பாபு இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. இதை நான் கடையில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊதாத லுச்சி

முதல் மெஷின் சாந்த்ராகாச்சியிலிருந்து திரும்பியது. அதற்கு முழுப் பொறுப்பும் என் வாய்தான். "இதில் என்னென்ன செய்யலாம்?" என்று அதை வாங்க வந்த அம்மாள் கடையில் கேட்டபோது, "எல்லாமே வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். பெங்காலி வீட்டில் "எல்லாமே" என்றால் அதில் முதலில் வருவது லுச்சி என்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைதா மாவில் வெள்ளை வெளேரென்று பலூன் மாதிரி ஊதி வருகிற பூரி அது. எண்ணெயில் முங்காமல் ஊதவே ஊதாது.

நான் போன அன்றைக்கு அவர் நாற்பது லுச்சி இட்டு, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஈடு அப்பளமாக வந்தது. இரண்டாவது ஈடு ஓடாக வந்தது. அந்த அம்மாள் ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்று சத்தம் கேட்டது. பிறகு, அக்காவை திதி என்கிற இந்த ஊர் வழக்கப்படி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "எண்ணெய் வேண்டாம்னுதான் சொன்னீங்க திதி, இரும்புப் பல்லு வேணும்னு சொல்லலியே!"

எலும்புக்குள் உருளைக்கிழங்கு

அடுத்து பிரான்சிஸ் அங்கிள். எழுபது வயதுக்கு மேலான ஆங்கிலோ இந்தியர். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். "நாளைக்கு ஒரு போர்க் சாப் டெமோ இருக்கு" என்றார் பிஸ்வாஸ் பாபு. சாப்தானே, எனக்குத் தெரியாததா? கல்கத்தாவில் சாப் என்றால், மசித்த உருளைக்கிழங்கையோ பீட்ரூட்டையோ உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு வாசனை வரும். போர்க் சாப் என்றால் அதற்குள் கொஞ்சம் பன்றிக்கறி வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே வீட்டிலேயே ஒரு கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, டப்பாவில் அடைத்து, ரொட்டித்தூள் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். "கறியைக் கொத்தி வச்சிருக்கீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு தட்டை எடுத்து வைத்தார். அதில் எலும்போடு நாலு பெரிய துண்டு, என் உள்ளங்கை அகலத்துக்கு. நான் அவற்றைப் பார்த்தேன். அவர் என் டப்பாவைப் பார்த்தார். கடைசியில் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "எழுபது வருஷமா சாப் சாப்பிடுறேன்மா. உருளைக்கிழங்கை இதுல எங்கே வைப்பே, எலும்புக்குள்ளயா?"

இருபத்தைந்து நிமிடம்

உருளைக்கிழங்கு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் அந்த நாலையும் கூடைக்குள் இறக்கினேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. பன்றிக்கறி வேகாவிட்டால் ஆபத்து என்று மட்டும் எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். பயத்தில் இருநூறு டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்தபோது செக்கச்செவேலென்று, விளம்பரப் படத்தில் வருகிற மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ருசி பார்க்கத் தெரியாதவளுக்குக் கண்தானே நாக்கு.

அங்கிள் ஒரு துண்டை வெட்டினார். வெட்டினார் என்றால், வெட்ட முயன்றார். கத்தி சறுக்கித் தட்டு நகர்ந்தது. ஒரு வாய் எடுத்து மென்றார். நான் அடுப்படியைத் துடைத்து, மெஷினைத் துடைத்து, என் பையை அடுக்கி முடித்தேன். அவர் இன்னும் அதே வாயை மென்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் மெஷினைத் தானே டாக்சியில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். என்மேல் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. போகும்போது தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பார்க்க ரொம்ப அழகா இருந்ததும்மா, ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கலாம்."

யாருக்கு வாங்குகிறீர்கள்?

இரண்டு போயிற்று. அந்த வாரமே நியூ டவுனிலிருந்து போன். லிபிகா என்ற பெண், ஐடி வேலை. போர்க் சாப் செய்யவே மெஷினை வாங்கினாளாம், கட்டையாக வருகிறதாம். "அடுத்த ஞாயிறு யாராவது வந்து ஜூஸியாகச் செய்து காட்டுங்கள், இல்லாவிட்டால் மெஷினை எடுத்துப்போங்கள்" என்றாள். பிஸ்வாஸ் பாபு என் பெயரை எழுதிக்கொண்டே சிரித்தார். எனக்கு முழங்கால் அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் ஷம்பாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை திதி என்பாள். அவள் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, "நான் எதுக்கு இருக்கேன்? நீ சமை, நான் தின்னு சொல்றேன்" என்றாள். மறுநாள் காலை, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பன்றிக்கறிக் கடையில் நின்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர், என்னைப் பௌதி, அதாவது அண்ணி, என்றே கூப்பிட்டார். மெல்லிசாக வெட்டினால் எப்படிச் செய்தாலும் காய்ந்துதான் போகும், ஒரு இன்ச் கனம் வேண்டும், எலும்பு இருக்க வேண்டும், ஓரத்துக் கொழுப்பைச் சீவக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். கனம் சரியா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கொழுப்பு எத்தனை சென்டிமீட்டர் இருக்கலாம் என்று கேட்டேன். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்றார். யாரும் சாப்பிடமாட்டோம் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இருபது வருஷமா கடை வச்சிருக்கேன் பௌதி, சாப்பிடுறவங்க யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை."

இட்லி அளவுகோல்

ஷம்பாவின் வீடு கடைக்குப் பின்சந்தில், அவளிடமும் இதே மெஷின் உண்டு. கடை திறக்குமுன் தினமும் ஒரு ஈடு. முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. அவள் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இல்லை" என்றாள். எப்படி நல்லா இல்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் எனக்குப் புரியாது. கோழி மாதிரி, மட்டன் மாதிரி என்றால் எனக்கு என்ன தெரியும்? அப்போதுதான் தோன்றியது. ஷம்பாவுக்கு எங்கள் பக்கத்துச் சாப்பாடு என்றால் உயிர். தென்னிந்திய ஓட்டல் ஒன்றுவிடாமல் சாப்பிட்டவள். "என் சாப்பாட்டுப் பெயரில் சொல்லு" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாயிற்று. பதினெட்டு நிமிடம் வைத்தது "ஆறின உப்புமா". பதினைந்து நிமிடம் "நேத்து வச்ச இட்லி". உப்புத் தடவி அரை மணி ஊறவைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் பூசி வைத்தபோது "இன்னிக்கு வச்ச இட்லி, ஆனா ஆறிடுச்சு". கூடையில் நாலை அடைக்காமல் இரண்டாக வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு, கறிக்குள் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர், உள்ளே பத்திரமாக வெந்ததற்கு அடையாளமான அறுபத்துமூன்று டிகிரியைக் காட்டியதும் எடுத்தபோது "சூடான இட்லி". ஆனால் அவசரப்பட்டு உடனே வெட்டியதில் சாறெல்லாம் தட்டில் ஓடிவிட்டது. கடைசி நாள், வெட்டாமல் ஐந்து நிமிடம் மூடி வைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் நான் அடுக்களையில் உட்காரவே இல்லை. ஷம்பா ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் இருப்பதை விழுங்காமலே கத்தினாள்: "திதி, ரசவடை! ஊறின ரசவடை!"

வீட்டில் ஒரு நாள்

இவ்வளவு கற்றுக்கொண்டதை வீணாக்குவானேன் என்று, எங்கள் வீட்டு மெஷினில் சேனைக்கிழங்கை ஒரு இன்ச் கனத்துக்கு வெட்டி, அதே உப்பு, அதே துடைப்பு, அதே திருப்பு, அதே ஐந்து நிமிடம் என்று செய்து பார்த்தேன். அற்புதமாக வந்தது. என் கணவர் பேங்க் அதிகாரி, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர். மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, இது எங்கே கற்றுக்கொண்டது என்றார். சொன்னேன். நாலாவது துண்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இது நம்ம மெஷின்தானே? இல்லே, அங்கேர்ந்து எடுத்துண்டு வந்து அலம்பினதா?"

பதினாலாவது மாடி

ஞாயிற்றுக்கிழமை நியூ டவுன். லிபிகா, அவள் கணவன் அர்ணவ், அவனுடைய அம்மா. நான் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்ட அந்த அம்மாள் நாற்காலியை மெஷினுக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல் தப்பவில்லை. அறுபத்துமூன்றை மூன்று பேருக்கும் காட்டினேன். ஐந்து நிமிடம் மூடி வைத்தேன். வெட்டியதும் சாறு மினுமினுத்தது. அர்ணவ் முள்கரண்டியை எடுத்தான். "நில்லு" என்றார் மாஷிமா. நடுவில் லேசாக ரோஸ் நிறம் இருந்தது. அவர் காலத்தில் பன்றிக்கறி என்றால் சாம்பல் நிறம் வரும்வரை வேகவைப்பார்களாம். தட்டை என் பக்கம் தள்ளினார். "நீ முதல்ல சாப்பிடு. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாங்க சாப்பிடுறோம்."

வயிறு சரியில்லை, விரதம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் உழைத்துச் செய்த பண்டத்தின்மேல் பொய்யை ஊற்ற மனம் வரவில்லை. "மாஷிமா, நான் பிறந்ததிலிருந்து கறி சாப்பிட்டதில்லை" என்றேன். லிபிகா வாயைப் பிளந்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. உருளைக்கிழங்கு டப்பா, ஸ்கேல், ஷம்பா, உப்புமா, இட்லி, ரசவடை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நிறம் பழைய மாதிரி இல்லைதான். ஆனா உள்ளே எவ்வளவு சூடுன்னு அளந்துதான் எடுத்தேன். சாப்பிடுறவங்க நாக்கை நம்பலாம், நான் அளந்து பார்க்காம ஒண்ணையும் நம்பமுடியாது" என்றேன். மிக்ஸி கவுண்டர் என் கண்முன்னால் வந்து நின்றது.

மாஷிமா தெர்மாமீட்டரை வாங்கி, வெட்டாத இன்னொரு துண்டில் தானே குத்திப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். ஒரு சின்னத் துண்டு வாயில் போட்டார். அடுத்து ஒரு பெரிய துண்டு. அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அர்ணவ் கை நீட்டியதும் அதைத் தட்டிவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்தவர், என்னையே எங்கள் கடைக்குப் போன் போடச் சொல்லி, பிஸ்வாஸ் பாபுவிடம் பேசினார்: "மெஷின் இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே எதுக்கும் இந்தப் பொண்ணையே அனுப்புங்க. போன வருஷம் வேற கடையிலிருந்து ஓவன் காட்ட வந்த ஆள், ருசி பார்க்கிறேன் ருசி பார்க்கிறேன்னே பாதிக் கோழியைத் தின்னுட்டுப் போயிட்டான்!"

இப்போதெல்லாம் கரியாஹாட்டில் யார் போர்க் சாப் என்று வாயைத் திறந்தாலும் பிஸ்வாஸ் பாபு என்னைத்தான் கை காட்டுகிறார். நானும் கூசாமல் சொல்கிறேன், எங்கள் மெஷினில் சுட்ட போர்க் சாப் மாதிரி ஜூஸியான பண்டம் உலகத்திலேயே கிடையாது என்று கேள்வி.