செல்வி ஒட்டிய சிவப்பு அம்பு

போன வாரம் எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு ஆய்வு வந்தது. பள்ளி மானியத்தை ஒழுங்காகச் செலவு செய்தோமா என்று பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் விவரம் தெரிந்தவன் என்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள், பாவம்!

செலவு செய்திருந்தோம். பெண்கள் கழிப்பறைச் சுவருக்குப் புது பெயின்ட். ‘சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்’ என்று கொட்டை எழுத்தில் வாசகம். அதற்குக் கீழே குழாய். குழாயில் தண்ணீர்தான் இல்லை... மோட்டார் எரிந்து இரண்டு மாதம் ஆகிறது.

மோட்டாரை ஏன் சரிசெய்யவில்லை? நியாயமான கேள்வி. ரிப்பேர் என்றால் பொறியாளர் வந்து மதிப்பீடு போட வேண்டும். அவர் வரவில்லை. மார்ச் முடிந்தால் பணம் திரும்பிப் போய்விடும். பெயின்ட்டுக்கு மதிப்பீடு வேண்டாம் — ஆகவே பெயின்ட்! தீர்மானம் எழுதினோம், டீ குடித்தோம், கையெழுத்துப் போட்டோம்.

அதிகாரி பில்களைப் புரட்டினார். பெயின்ட் அடித்த சுவரின் போட்டோவைப் பார்த்தார். “ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் செல்வி வந்தார். ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் இங்கே ஏழாவது படிக்கிறாள். அந்த வகையில் அவரும் குழு உறுப்பினர். தீர்மானம் போட்ட அன்று லீவு கிடைக்காதவர், இன்று அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“இன்னா சார், டாய்லெட்டைப் பாத்தீங்களா? எங்க கம்பெனிக்கு ஃபாரின்காரன் ஆடிட் வந்தா மொதல்ல அங்கதான் போவான். கொழாயைத் தொறந்து பாத்துட்டுதான் ஃபைலையே தொடுவான்.”

“நான் பில்லும் போட்டோவும்தாம்மா பாக்கணும். ஃபார்ம்ல அவ்ளோதான் இருக்குது” என்றார் அதிகாரி.

“எம் பொண்ணு டாய்லெட் போவணுமேன்னு பயந்துகினு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல சார். ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு ஓடினேன். அது எந்த ஃபார்ம்ல இருக்குது?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

செல்வி கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்தார். ஷூவில் தையல் பிசகினால் அந்த இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, சின்னச் சிவப்பு அம்பு — அது. குழாயில் ஒன்று ஒட்டினார். மோட்டாரில் ஒன்று. திரும்பி வந்து, விரித்து வைத்திருந்த தீர்மான நோட்டில் ஒன்று.

அதிகாரி பதறிப்போய் நோட்டில் இருந்ததை நகத்தால் சுரண்டப் போனார்.

“எடுக்கக் கூடாது சார். டேமேஜை சரி பண்ணப்புறம்தான் ஸ்டிக்கரை எடுக்கணும். எங்க ரூல்” என்றார் செல்வி.

ரூல் என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரியின் கை தானாக நின்றுவிட்டது. அங்கேயே பொறியாளருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை வருகிறாராம். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

நோட்டில் அம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நேற்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன் — அதன் முனை நிற்பது என் கையெழுத்தில்!