காய்ந்த இறைச்சியின் மதிப்பு

நான் ஓர் எண்ணை மாற்றிச் சொன்னேன். ஒன்று என்று இருந்ததைப் பூஜ்யம் என்றேன். அதனால் ஒரு மனிதர் தன் மூளையைத் தானே நம்பாதவர் ஆனார். தெரியாமல் செய்ததல்ல. தெரிந்துதான் செய்தேன். செய்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது!

அந்த எண் ஒரு கைப்பேசி விளையாட்டில் வருவது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்... விளையாட்டுதானே என்று.

ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆலையில் இலை வாட்டும் பிரிவில் எனக்கு வேலை. பள்ளிப் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. வயது நாற்பத்தெட்டு. தனி ஆள். பேச்சு திக்கும். நாலு பேர் கூடிவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் மணியம் அண்ணன் அடுத்த வீடு. முப்பது வருடம் அதே ஆலையில் தேயிலை உலர்த்தும் அடுப்பைப் பார்த்தவர். எனக்கு ‘ஊமை’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார். பிறகு என் உண்மைப் பெயரைக் கணக்கு எழுதும் கிராணியின் புத்தகத்தில் மட்டும்தான் பார்க்க முடிந்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. மனைவி முன்பே இறந்துபோயிருந்தார். ஒரே மகள் ரேவதி ஈப்போவில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் இறந்த மனைவியைக் கூப்பிட்டுக் காப்பி கேட்டிருக்கிறார். ரேவதி பயந்துபோனாள். ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு வந்தாள்.

அவர் போகமாட்டேன் என்றார். இந்தக் குளிரை விட்டு, இந்த லயத்தை விட்டு, எங்கேயும் வரமாட்டேன் என்றார்.

விரலுக்கும் மூளைக்கும் வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ரேவதி ஒரு பலகைக் கணினி வாங்கி வந்தாள். அதில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டு வருடமாகத் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். அதில் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

பனி பெய்யும் ஒரு காட்டில் நம்மைத் தனியே விட்டுவிடுவார்கள். வேட்டையாட வேண்டும், பொறுக்க வேண்டும், சமைக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். செத்தால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி முதல் நாள்.

ரேவதி அப்பாவிடம் ஒரு நிபந்தனை வைத்தாள். அந்தக் காட்டில் நூறு நாள் சாகாமல் இருந்து காட்டினால் அவர் லயத்திலேயே இருக்கலாம். அவர் மூளை சரியாக இருக்கிறது என்று அவள் ஏற்றுக்கொள்வாள். முதியோர் இல்லம் என்று வாயே திறக்கமாட்டாள்.

இதை என் காதால் கேட்டேன். நான் அப்போது அதே அறையில் இருந்தேன். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

அந்த விளையாட்டில் பிழைப்பது பானையில்தான் இருக்கிறது. பானையில் நாலு பொருள் போடலாம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பு உண்டு. பெரிய இறைச்சிக்கு ஒன்று, சிறியதற்கு அரை. கிழங்குக்குக் காய் மதிப்பு ஒன்று. காட்டுப்பழத்துக்குப் பழ மதிப்பு அரை. பானை அவற்றைக் கூட்டிப் பார்க்கும். இறைச்சி மூன்றைத் தொட்டால் உயிரை ஏற்றும் கெட்டிக் குழம்பு. காய் கூடினால் வயிறு மட்டும் நிறையும் கஞ்சி.

பேய்நாய் என்று ஒரு மிருகம் கூட்டமாக வரும். அதன் இறைச்சிக்கு இரண்டு வகை மதிப்பு. இறைச்சி ஒன்று, விஷம் ஒன்று. நாலில் ஒரு துண்டு பேய்நாய் இருந்தால் பரவாயில்லை, மற்ற மூன்றும் அதை மறைத்துவிடும். விஷம் இரண்டானால்... வேறு எதைப் போட்டாலும் வருவது கருங்குழம்புதான். தின்றால் உயிரில் இருபது குறையும். பச்சையாகப் போட்டாலும், சுட்டுப் போட்டாலும், காயவைத்துப் போட்டாலும் விஷம் ஒன்றுதான். மாறாது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, மணியம் அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இடது கையால் எழுதினார். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எண்ணைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவாகத் திக்காது. மாலையில் ஆலை விட்டதும் போவேன். இருவரும் ஆடுவோம். முப்பது நாள், ஐம்பது நாள், எண்பது நாள். ஒரே ஒரு தடவை, கிழங்கையும் பழத்தையும் தானே கூட்டி ஒரு புதுச் சமையலைக் கண்டுபிடித்தபோது, என் தோளைத் தட்டினார்.

அதை ஏன் இங்கே சொல்கிறேன்? அவர் எனக்கு நல்லதே செய்ததில்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

விளையாட்டில் தொண்ணூற்று மூன்றாம் நாளைத் தாண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலையிலிருந்து நாலைந்து பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் உற்சாகத்தில் இருந்தார். கம்போங் ராஜா என்ற ஊருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போன கதையை எடுத்தார். பெண்ணின் அப்பா என் பெயரைக் கேட்டாராம். நான் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேனாம். அதை அவர் நடித்துக் காட்டினார். கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைப் பிளந்து... வாதம் வந்த முகம், அது பாதி நடிக்காமலே வந்தது.

“அந்தப் பொண்ணே எழுந்து உள்ள போயி, பேப்பரும் பேனாவும் கொண்டாந்து குடுத்துச்சு லா,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரோ, இந்த விளையாட்டை ஊமையா சொல்லிக் கொடுத்தான் என்று கேட்டார்கள்.

“இவனா? இவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள குளிர்காலமே முடிஞ்சிடும்.”

மறுபடி சிரிப்பு. நான் காலிக் குவளைகளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கழுவினேன். கோபம்கூட வரவில்லை. ஏதோ ஒன்று உள்ளே உறைந்து கெட்டியானது. அவ்வளவுதான்.

பெண் பார்த்த கதை உண்மை. பேப்பரும் பேனாவும் உண்மை. நான் எழுதிக் கொடுத்ததும் உண்மை.

புதன்கிழமை மாலை. விளையாட்டில் தொண்ணூற்றாறாம் நாள். நடுக் குளிர்காலம். பேய்நாய்க் கூட்டம் ஒன்று வந்து, அவர் எல்லாவற்றையும் கொன்றிருந்தார். ஆனால் நல்ல அடி. உயிர் பதினைந்துதான் மீதி. கையில் கிழங்கு இல்லை, பழம் இல்லை. கொடியில் முன்பு தொங்கவிட்ட பேய்நாய் இறைச்சி மட்டும் நாலு துண்டு, நன்றாகக் காய்ந்து கிடந்தது.

“நாலும் பேய்நாய் டா,” என்றார். “ஒண்ணுதான் போடணும். மத்த மூணுக்கு எங்க போறது?”

கவனித்தீர்களா? அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது! அவர் மூளையில் ஒரு குறையும் இல்லை.

ஆற்றோரம் பனிக்கு அடியில் மீன் இருந்தது. இருட்டுவதற்குள் போய்ப் பிடிக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

“கா... காஞ்சிருச்சுல்ல அண்ணே,” என்றேன். “காஞ்சா விஷம் போயிடும்.”

“நோட்டுல ஒண்ணுன்னு எழுதியிருக்கேன்.”

“அது பழைய கணக்கு. இப்ப மாத்திட்டாங்க. கோ... கோசோங்,” என்றேன். மலாயில் பூஜ்யம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. வேறு யாரும் அந்தப் பொய்யை அவ்வளவு எளிதாக நம்பியிருக்கமாட்டார்கள். அவர் நம்புவார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அனலுக்கு முன்னால் நின்றவர் அவர்.

“ஆமா டா. பச்சை இலைய நெருப்புல காட்டுனப்புறம் பச்சை வாடை இருக்குமா? காய்ச்சல்ல எல்லாம் போயிடும்,” என்றார்.

நோட்டை எடுத்தார். ஒரு கையால் அழிக்க முடியாது, தாள் நழுவும். நோட்டை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டார். ரப்பர் தூளை ஊதித் தள்ளியதும் நான்தான்.

நாலு துண்டும் பானைக்குள் போயின. அந்த விளையாட்டில் கிண்ணம் மூடியே வரும். என்ன சமையல் என்பது தின்றால்தான் தெரியும். உயிர் பதினைந்து, கருங்குழம்புக்கு இருபது... கணக்கு உங்களுக்கே புரியும். அவர் என்னைப் பார்த்தார்.

“சாப்பிடுங்க,” என்றேன்.

தொட்டார். திரை கறுத்தது. தொண்ணூற்றாறு நாள் என்று ஒரு வரி வந்து, அதுவும் போய்விட்டது.

அவர் கத்தவில்லை. திட்டவில்லை. இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கை ஏதோ தப்பான இடத்தைத் தொட்டுவிட்டதுபோல. நான் குவளைகளை எடுத்தேன். நோட்டையும் எடுத்தேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இத்தோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தாள். நல்ல பெண். அப்பா தோற்றதில் அவளுக்கும் வருத்தம்தான். எப்படிச் செத்தார் என்று விசாரித்தாள். நாலும் பேய்நாயா என்று கேட்டாள். அவளும் இதையெல்லாம் கைப்பேசியில் தேடிப் படித்து வைத்திருந்தாள்.

“காஞ்சாலும் விஷம் இருக்கும்னுதானப்பா போட்டிருக்கு?”

“இவன்தான்மா சொன்னான், மாத்திட்டாங்கன்னு. நோட்டுல இருக்கு பாரு. நான் அழிச்சி எழுதுனேன், இவன்தான் புடிச்சிக்கிட்டான்.”

ரேவதி நோட்டைத் தேடினாள். தலையணைக்கு அடியில், தொலைக்காட்சிக்குப் பின்னால், சாமி மாடத்தில். நானும் தேடினேன். ஆம், நானும் கூடக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன்!

கிடைக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா, நீங்க அப்படிச் சொன்னீங்களா?”

என் வாழ்நாளில் யாரும் அவ்வளவு பொறுமையாக என் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. நான் மணியம் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

“எந்த நோட்டுண்ணே? உங்களுக்குத்தான் வலது கை வரலையே. எல்லாத்தையும் மனசுலயேதான வச்சிருந்தீங்க. காஞ்சா விஷம் போயிடும்னு நீங்கதான சொன்னீங்க, இலை மாதிரின்னு.”

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. ஒன்றுகூட! நாற்பத்தெட்டு வருடத்தில் நான் தடையில்லாமல் பேசிய நீளமான பேச்சு அதுதான். ரேவதிகூட ஒரு கணம் வியந்து பார்த்தாள். பொய்யும் இவ்வளவு சரளமாக வருமா என்று எனக்கே ஆச்சரியம். அந்த வேளையிலும், நன்றாகப் பேசுகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். ஊமை பொய் சொல்கிறான் என்று கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனோ? தெரியவில்லை... இப்படி நினைத்துக்கொள்வதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ?

அவர் கத்தவில்லை. இடது கை விரல்களை முகத்தருகே கொண்டுபோய், பென்சில் கறை இருக்கிறதா என்று தேடினார். நாலு நாள் ஆகியிருந்தது. இல்லை.

“அப்ப நான் எழுதலையா,” என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

பிறகு மகளிடம் சொன்னார்: “பெட்டியக் கட்டும்மா.”

மூன்று மாதமாயிற்று. அவர் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஆலையில் இன்னும் ஊமைதான். பெயர் வைத்தவர் போய்விட்டார், பெயர் போகவில்லை.

ஏன் செய்தேன்? கேலிக்காக என்று சொன்னால் நீங்கள் கொஞ்சம் இரங்கலாம். இரங்காதீர்கள். அந்தக் கேலியை நான் இருபது வருடம் தாங்கியவன். ஒரு மனிதர் ஒரு கையோடு, என் ஒரு சொல்லை நம்பி உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மை இதுதான்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் தகர டப்பாவில். அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பூஜ்யத்துக்கு உள்ளே அழித்த ஒன்று தெரிகிறது. ஈப்போ போகும் பேருந்தில் கொடுத்து அனுப்பினால் மாலைக்குள் ரேவதி கையில் இருக்கும். ஒருமுறை உறையில்கூட வைத்தேன். முகவரி எழுதவில்லை.

ஞாயிறுதோறும் அவர் என்னைக் கூப்பிடுகிறார். அந்த இல்லத்தில் வேறு யாரோடும் பேசுவதில்லையாம், தப்பாகப் பேசிவிடுவோமோ என்று பயமாம். தன் பழைய கதைகளை என்னிடம் சரிபார்த்துக்கொள்கிறார். ஆலையில் இன்ன வருடம் இன்னது நடந்ததா, அல்லது தான் கற்பனை செய்ததா என்று கேட்கிறார். உனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்கிறார். அவருக்கு நினைவு என்றால் இப்போது நான்தான்!

போன ஞாயிறும் கூப்பிட்டார்.

“டேய், காஞ்சா விஷம் போயிடும்னு நீ சொன்ன மாதிரியே எனக்கு இருக்குடா. உன் குரல்லயே கேக்குது. நான் என்னடா செய்றது?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முதல் எழுத்து வரவில்லை. கழுத்து நீண்டது, கண் மூடிக்கொண்டது, அன்று அவர் நடித்துக் காட்டியதுபோலவே. மறுமுனையில் அவர் மூச்சு கேட்டது. முன்பெல்லாம் அவர் காத்திருக்கமாட்டார், அவரே ஏதாவது சொல்லி முடித்து, சிரித்துவிடுவார்.

“பரவால்ல,” என்றார். “மெதுவாவே சொல்லு. நான் இருக்கேன்.”

காத்திருந்தார். நான் தொலைபேசியை அணைத்துவிட்டேன்.