கோழிப் படம் போட்ட சாக்கு

சிப்பி ஓடு மாமிசமா இல்லையா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் கேட்கவில்லை. நேரே தீர்ப்பே சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு மூக்கு விடைக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எங்களுக்கு ஒரே மகள். வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர், மனைவியோடு கீழ்த்தளத்தில் இருந்தார். வீடு பார்க்கப் போன அன்று எங்கள் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

"சைவம்தானே?" என்றார்.

என் கணவருக்குப் பொய் வராது. "சாப்பிடுவோம் சார். ஆனா வீட்டுல சமைக்க மாட்டோம். அதுக்கு நான் கேரண்டி" என்றார்.

வீட்டுக்காரர் சாவியை மேஜைமேல் வைத்தார். "முட்டகூட மாடி ஏறக் கூடாது. சரின்னா சாவிய எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டோம். சொன்ன சொல்லை நாங்கள் எப்படிக் காப்பாற்றினோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். கோழி தின்ன ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூரில் என் அம்மா வீட்டுக்குப் போவோம். திரும்புவதற்கு முன்னால் மூன்று பேரும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவுவோம். மகள் இளைத்துப்போகிறாள், தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் என் தோழி வீட்டுக்குள் நுழைந்து, நின்றபடியே முட்டையைத் தின்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் போவாள். திருட்டுத்தனம் பண்ணுகிறவள் மாதிரி. அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு முட்டை தின்ன இத்தனை பாடு. அப்போது எனக்கு அதுகூடத் தப்பாகத் தெரியவில்லை. அவர் வீடு, அவர் சட்டம் என்று இருந்தேன்.

மொட்டை மாடியில் எனக்குப் பதினாறு தொட்டிகள். கத்தரி, மிளகாய், ஒரு கறிவேப்பிலை, மிச்சமெல்லாம் தக்காளி. மாடி தாங்க வேண்டுமே என்று மண்ணைக் குறைத்து, தென்னை நார்க் கழிவையும் மக்கிய சருகையும் கலந்து நிரப்பியிருந்தேன். செடி தளதளவென்று வந்தது. காயும் பிடித்தது. ஆனால் பழுக்கிற சமயத்தில் ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு கறுப்பு வட்டம் விழுந்து, அது பெரிதாகி, பாதிப் பழத்தைத் தின்றுவிடும். பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். வேப்பெண்ணெய் நாற்றம் வந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை.

ஒரு நாள் அழுகின காயைப் பையில் போட்டுக்கொண்டு போய், விவசாயிகளுக்கு விதையும் உரமும் கொடுக்கிற டெப்போவில் காட்டினேன். அங்கிருந்தவர் காயைத் திருப்பிப் பார்த்த உடனே சொன்னார்.

"பூச்சி இல்லீங்க இது. மண்ணுல கால்சியம் பத்தல. அதோட நீங்க தண்ணி ஒரு நாளு ஜாஸ்தி, ஒரு நாளு கம்மினு விடறீங்க. ரெண்டும் சேந்துக்குச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா வீட்டு நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஜிப்சம் போடாத வருஷம் காய்க்குள் பருப்பே இருக்காது. ஆட்டிப் பார்த்தால் காற்றுதான். ஜிப்சத்தில் இருக்கிற அந்தக் கால்சியம் இங்கேயும் வேண்டும். ஆனால் பதினாறு தொட்டிக்கு ஒரு மூட்டை ஜிப்சத்தை மாடிக்கு யார் சுமப்பது?

"முட்ட ஓட்டக் காயவெச்சு இடிச்சுப் போடுங்களேன்" என்றார்.

"முட்டை எங்க வீட்டு மாடி ஏறக் கூடாதுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"அப்ப கோழித்தீவனக் கடையில போய்க் கேளுங்க. முட்ட ஓடு கெட்டியாறதுக்குக் கோழிக்குக் கடல் சிப்பிய ஒடச்சுப் போடுவாங்க. அத நல்லாத் தூளாக்கி மண்ணுல கலந்துடுங்க. மெதுவாத்தான் வேலை செய்யும், அவசரப்படாதீங்க."

இதைக் கவனிக்க வேண்டும். சொன்ன சொல் கெடக் கூடாது என்றுதான் முட்டை ஓட்டை விட்டுச் சிப்பிக்குப் போனேன். கடைக்காரர் பழைய தீவனச் சாக்கு ஒன்றில் கட்டிக் கொடுத்தார். சாக்கின் மேல் சிவப்புக் கொண்டையோடு ஒரு பெரிய கோழிப் படம். அதைப் பற்றி நான் அன்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

வீட்டில் உரலில் போட்டு இடித்துச் சலித்தேன். பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வீதம் கலந்து, புது நாற்று நடுவதற்கு முன்னால் மண்ணை ஒரு மாதம் ஆறப் போட்டேன். தண்ணீரையும் காலை மாலை அளந்து விட்டேன். அந்தப் போகத்தில் பத்துக்கு ஒன்று கறுத்தது. அடுத்த போகத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் வழவழவென்று, தொட்டால் கன்னம் மாதிரி இருக்கும். கீழ்வீட்டு அம்மாளுக்கு வாரம் ஒரு கூடை கொடுப்பேன். "உன் தக்காளில ரசம் வெச்சா தனி ருசிதான் டீச்சர்" என்று அவர் கூடையைத் திருப்பித் தரும்போது அடுத்த வாரத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம். இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தார். தொட்டியின் நிழலில் என் சாக்கு இருந்தது.

"ஏம்மா, இது என்னா?"

"ஒடச்ச சிப்பி சார். செடிக்குப் போடறது."

"கோழி படம் போட்டிருக்குது?"

"சாக்குதான் சார் அது. உள்ள சிப்பி."

அவர் கையை விட்டு ஒரு சிப்பித் துண்டை எடுத்தார். வெயிலில் அது பளபளத்தது. தேளைத் தொட்டவர்போலக் கீழே போட்டார்.

"உசுரோட இருந்த ஜந்துவோட ஓடும்மா இது. இதையா தொட்டியில போட்டீங்க? அந்தத் தக்காளியத்தான எங்க வீட்டுக்கும் குடுத்தீங்க? பூஜைக்குப் பண்ற சமையலுக்கு?"

"சார், பூஜையில சங்கு வெச்சிருக்கீங்களே. அதுவும் ஓடுதானே?"

"சங்கு வேற."

அவர் திரும்பிப் படிக்கட்டுக்குப் போனார். படியிறங்கும்போது சொன்னது இதுதான்: "இதையே ஏத்திட்டீங்க. வேற என்னென்ன ஏறிச்சோ. சொன்ன சொல்லக் காப்பாத்தாதவங்களுக்கு என் வீட்டுல எடமில்ல. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

வீடு போனால் போகிறது, சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்கள் என்று சொன்னாரே, அதுதான் எனக்குத் தாளவில்லை. சோப்புப் போட்ட கைகளும், தோழி வீட்டில் நின்றபடி தின்ற முட்டைகளும் கண்முன்னே வந்தன. ஆனால் என் கணவர் மகளைக் காட்டினார். அவள் புத்தகத்தைத் திறந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரத்தில் வீடு மாற்றினால் அவள் கதி என்ன?

"சாக்க எடுத்துட்டுப் போய் உங்கம்மா வீட்டுல போட்டுடலாம். நான் அவருகிட்ட பேசிக்கறேன்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாக்கோடு மூன்று பேரும் கீழ்பென்னாத்தூர் போனோம். அம்மா வீட்டுக் கோழிகள் அந்தச் சிப்பியைச் சந்தோஷமாகக் கொத்தின. கோழிக்கறி சாப்பிட்டு, கை கழுவி, சாயங்காலம் திரும்பினோம்.

மாடிப்படி ஈரமாக இருந்தது. மேலே போனால் தரையெல்லாம் வெள்ளை. பதினாறு தொட்டியிலும் மண் தெரியவில்லை. சுண்ணாம்புத் தூள், கை கையாக அள்ளிப் போட்டு, மேலே தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நானே சுத்தம் பண்ணிட்டேன். தரைக்கும் போட்டேன், தொட்டிக்கும் போட்டேன். தீட்டு போயிடுச்சு. பாப்பா பரீட்ச முடியற வரைக்கும் நீங்க இருந்துக்கலாம்."

சாவு விழுந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது, சாக்கடை ஓரம் சுண்ணாம்பு தூவுவது, இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அசுத்தம் என்றால் சுண்ணாம்பு. என் தொட்டிகளையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். என் கணவர் "ரொம்ப நன்றி சார்" என்றார். அந்த நன்றியை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

முடிந்தவரை சுரண்டி எடுத்தேன். பலிக்கவில்லை. சுடாத சிப்பி மண்ணில் மெள்ள மெள்ளக் கரையும், யாரையும் சுடாது. சுண்ணாம்பு அப்படியல்ல, வேரை வேகவைத்துவிடும். செவ்வாய்க்கிழமை இலை ஓரம் கருகியது. வியாழக்கிழமைக்குள் பதினாறு தொட்டியும் போய்விட்டன. பிஞ்சும் பூவுமாக இருந்த செடிகள். கறிவேப்பிலைகூட மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அவர் எந்தக் கடையில் சுண்ணாம்பு வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரரிடம், தண்ணீர் தெளிக்காத சுண்ணாம்பில் கொஞ்சம் வேண்டும் என்றேன். ஒரு காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேரே கீழ்வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு பழைய தட்டும் ஒரு சொம்புத் தண்ணீரும் கேட்டேன். வீட்டுக்காரர் வந்தார். அவர் மனைவியும் வந்தார்.

காகிதத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன். வெள்ளை வெளேரென்று ஏழெட்டுக் கிளிஞ்சல்கள். சூளையில் சுட்டாலும் உருவம் மாறாது. வரிகூட அப்படியே இருக்கும்.

"இது என்னா சார்?"

"கிளிஞ்சல்."

"எங்க வாங்கினேன் தெரியுங்களா? நீங்க சுண்ணாம்பு வாங்கற கடையில."

தண்ணீரை ஊற்றினேன். புஸ்ஸென்று புகைந்து, வெடித்து, பொரிந்து, கண்முன்னே மாவாகிவிட்டது. மேலே என் தொட்டிகளில் கிடந்த அதே மாவு.

"இதான் சார் நீங்க தீட்டு போறதுக்குப் போட்டது. நான் போட்டது சுடாத சிப்பி, நீங்க போட்டது சுட்ட சிப்பி. உங்க செவுத்துல இருக்கறதும் இதுதான். வெத்தலையில தடவிக்கறதும் இதுதான்."

அவர் தட்டையே பார்த்தார். தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு விரலால் தட்டைத் தள்ளிவைத்தார்.

"அது நெருப்புல வெந்துடுச்சு இல்ல. நெருப்புல போனா தோஷமில்ல."

"எங்கம்மா வீட்டுக் கோழியும் நெருப்புல வெந்துதான் சார் எலைக்கு வருது" என்றேன்.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். அன்று ராத்திரியே என் கணவரைக் கூப்பிட்டு, மாசக் கடைசி என்றால் மாசக் கடைசிதான் என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "வாயக் கொஞ்சம் அடக்கியிருந்தா கொழந்த நிம்மதியா எழுதியிருக்கும்" என்று மூன்றாம் நாள் சொன்னார். நியாயம்தான். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில், கீழே காபிக்கடை இருந்த ஒற்றை அறைக்குப் போனோம். மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். பாஸ் பண்ணினாள், கணக்கில் மட்டும் அவள் எதிர்பார்த்தது வரவில்லை. என்னால்தான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாதது எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சாமான் ஏற்றின அன்று கீழ்வீட்டு அம்மாள் கேட் வரைக்கும் வந்தார். அவர் மட்டும்தான் வந்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். இத்தன வருஷத்துல ஒரு நாளுகூட மாடியிலேர்ந்து வாசன வரல."

"இத அவருகிட்ட சொன்னீங்களாக்கா?"

அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

பிறகு சில வருஷம் கழித்து, இரண்டு பேரும் லோன் போட்டு நாங்களே ஒரு வீடு கட்டினோம். மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு. போன வாரம் ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பையன் பயந்துகொண்டே ஆரம்பித்தான். "சாப்பிடுவோம்ங்க. ஆனா வீட்டுல சமைக்க மாட்டோம்."

அதே வார்த்தை. என் கணவர் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தாராளமா சமைங்க" என்றேன். "முட்ட ஓட்ட மட்டும் குப்பையில போடாம எங்கிட்ட குடுங்க."