எண்ணாத பற்கள்

அரியலூர்ப் பக்கத்துக் குவாரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடைந்த சுண்ணாம்புக்கல்லுக்குள் அது படுத்திருந்தது. கல்லாகிப்போன ஆழ்கடல் சிங்கி இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு நீளம். அதன் விளிம்பு கல்லுக்குள் புதைந்திருந்தது. ஆம்பூர் வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இன்னா அது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

படத்தைப் பார்த்த பேராசிரியை, இறால்களையே ஆராய்பவர், போனில் சொன்னார்: "புது இனம்தான். முதுகுல இந்த மாதிரி முள்வரிசை வேற எதுலயும் கெடையாது. கல்லை நீக்கிட்டு, கொடுக்குல எத்தனை பல்லுன்னு எண்ணுங்க. புது இனத்துக்கான விவரணையை நீங்களே எழுதுங்க."

நான் தோல் தொழிற்சாலை லேபில் இருப்பவன். தோலில் ஊறிய சுண்ணாம்பை எடுப்பது தினப்படி வேலை. சுண்ணாம்பு போகும், தோல் நிற்கும். அந்தப் பழக்கத்தில் கல்லையும், கொடுக்குப் பக்கம் மட்டும் முங்கும்படி, ஆசிட் தண்ணீரில் வைத்தேன். நுரைத்தது. கொஞ்ச நேரத்தில் பற்கள் வரிசையாக எழுந்து நின்றன, சீப்பு மாதிரி, நேற்றுத்தான் செத்தது மாதிரி. இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று மறுபடி அமிழ்த்தினேன்.

தோல் ஊறிச் சுற்றும் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "கல்லுல எறாவா? கொழம்பு வெச்சா எத்தினி விசில் சார்?"

"உங்க வயசு எத்தினியோ அத்தினி."

"அப்ப ரொம்ப ஜாஸ்தி. வாங்க சார், டிரம்முல பி.ஹெச். எறங்கவே மாட்டேங்குது."

போய்விட்டுத் திரும்பினேன். பற்கள் இல்லை. விளிம்பு மழமழவென்று கிடந்தது. இந்தப் பிராணிக்குத் தோலே சுண்ணாம்பு. எனக்குத் தெரியாததா? கைக்குத் தெரியவில்லை.

வாடகை அறையில் மாதக்கணக்காக விவரணை எழுதினேன். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு வரி; மனிதர்களிடம் பேசாததையெல்லாம் அதனிடம் பேசினேன். பெயரும் வைத்தாயிற்று. பற்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் நின்றது. இருப்பது ஒரே கல். பார்த்தது ஒரே ஆள். பதினான்கு என்று எழுதினேன். மறுத்துச் சொல்ல உலகத்தில் யாருமில்லை. அதுதான் குளிரெடுத்தது.

பேராசிரியையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பார்த்தீங்க, எண்ணலையா?"

"எண்ணல மேடம்."

"முள்வரிசை போதும், இனம் நிக்கும். நடந்ததை அப்படியே போடுங்க."

பதினான்கை அழித்தேன். 'பற்கள் இருந்தன. சுத்தம் செய்கையில் நான் அமிலத்தில் அழித்துவிட்டேன். எண்ணிக்கை தெரியாது.'

கண்ணை மூடினால் இப்போதும் அந்த வரிசை வருகிறது. எண்ணத் தொடங்கினால் கலைகிறது.