சொன்ன தேதியும் கொடுத்த தேதியும்

இராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். பொய் சொல்கிறவர்களோடு சேரமாட்டேன் என்று வைராக்கியம் வைத்தால் அடுத்த மாதமே அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான். வரியைக் குறைப்பதற்கான பொய்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. வரியைக் கூட்டிவிடுகிற பொய்யை ஒரே ஒருவரிடம்தான் பார்த்தேன்.

அவர் உத்தரகோசமங்கைப் பக்கத்துக்காரர். நிலம் உண்டு, கரி வியாபாரமும் உண்டு. சீமைக்கருவேல விறகை மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி ஆலைகளுக்கு அனுப்புவார். ஒருநாள் அவர் பெயருக்கு வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. லாரிச் செலவுக்குள் அபராதம் என்று பெரிய தொகை இருக்கிறது, சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய அபராதத்தைச் செலவாகக் கழிக்க முடியாது, விளக்கம் தேவை. கணக்கைத் தாக்கல் செய்தபோது நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். பழகிய ஆள்தானே என்கிற மெத்தனம்.

வரவழைத்து ரசீது கேட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"லாரிக்குக் கட்டுனது இல்ல தங்கச்சி. ஆலைக்காரன் பில்லுல புடிச்சது. மழையில மூட்டம் எரியல. சரக்கு மூணு வாரம் பிந்திப் போச்சு."

ஒப்பந்தப்படி பிந்திய ஒவ்வொரு வாரத்துக்கும் பிடித்தம். தொழிலில் வந்த நட்டம், தாராளமாகக் கழிக்கலாம். பிறகு எதற்கு லாரி மேல் பழி?

"லாரி வச்சிருக்கவன் எவன் அபராதம் கட்டல? அதுல என்ன கேவலம்? சொன்ன தேதிக்குச் சரக்குக் குடுக்கலன்னு எழுதுனா, கணக்கு எழுதுற என் மச்சினனே ஊரு பூரா சொல்லிருவான்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. சட்டம் பொறுத்துக்கொள்வதை மறைத்து, பொறுக்காததை ஒப்புக்கொண்டிருக்கிறார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

"இப்படியே விட்டா வரியும் கட்டணும், அதுக்கு மேல தண்டமும் கட்டணும்ணே. ஒப்பந்தம், ஆலைக்காரங்க குடுத்த கடிதம், சரக்கு இறங்கின சீட்டு, எல்லாம் வேணும்" என்றேன்.

மூன்று முறை வெறுங்கையோடு வந்து டீ குடித்துவிட்டுப் போனார். நான்காம் முறை கொண்டுவந்தார். ஆலைக் கடிதம் எட்டாக மடிந்திருந்தது. வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்கவில்லை. லாரிக் கணக்கில் எழுதியது தவறு, சொன்ன தேதி இது, கொடுத்த தேதி இது என்று அவர் விளக்கமும் தர வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடிவிட்டார்.

"இத நம்ம ஊர்க்காரன் எவனும் பார்ப்பானா?"

"யார் பார்க்கிறாங்கன்னு எனக்கே தெரியாதுண்ணே. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் போகும்."

அதில் கொஞ்சம் தைரியம் வந்து கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. தொகை முழுவதையும் செலவாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உடனே போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். ஒப்பந்தத் தேதிக்குள் சரக்கை ஒப்படைக்கத் தவறியது ஆவணங்களால் நிரூபணமாகிறது என்கிற இடம்.

"அப்ப அரசாங்கமே எழுதிருச்சு" என்றார்.

வரி மிச்சமானதைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. ஜெயித்துக் கொடுத்துவிட்டு ஒருவர் முகத்தைப் பார்க்க நான் கூச்சப்பட்டது அன்றுதான். என் கட்டணத்துக்கு அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்றேன்.

"இல்ல தங்கச்சி. இன்னைக்குத் தாரேன்னு நேத்து போன்ல சொல்லிட்டேன்" என்று பணத்தை மேசையில் வைத்தார்.